வெள்ளை விழுந்த வால்வு

மணி பன்னெண்டு... சிரிக்காதீங்க, பகல் பன்னெண்டு. பேய் ராத்திரியில மட்டும்தான் வேலை பார்க்கும்னு உங்களுக்கு யார் சொன்னது?

பட்டறைத் தெரு. அன்னைக்கு லீவு நாள். ரெண்டு பக்கமும் ஷட்டர் எல்லாம் இறக்கிக் கிடக்கு. லேத் ஓடல. சுத்தியல் சத்தம் இல்ல. ஒரு நாயைக் கூடக் காணோம். வெயில்ல தார் உருகுற வாசனை மட்டும். அந்தத் தெருவுல ரெண்டு பொம்பளைங்க நடந்து போறாங்க.

என்கூட வேலை பார்க்கிறானே சுருட்டை, அவனோட அம்மா ஒருத்தங்க. இன்னொருத்தங்க அவன் சித்தி. இது அவன் எனக்குச் சொன்னது. சொல்லி முடிச்சப்புறம், "சும்மா சொன்னேன்டா"ன்னு சிரிப்பான்னு பார்த்தேன். சிரிக்கல.

சித்திக்கு மைக் ரிப்பேர்தான் தொழில், கடை அந்தத் தெருவுலதான். பெரிய பெரிய ஸ்டுடியோக்காரங்க எல்லாம் அவங்களைத் தேடி வருவாங்க. வீட்டுல பட்டப்பேரு பாம்புச்செவி. அடுத்த வீட்டுல குழாய் சொட்டினா இவங்களுக்குத் தூக்கம் போயிடும். சுருட்டையோட அம்மா மேடையில பாடுறவங்க. தொண்டையில கட்டி. மறுநாள் காலையில ஆபரேஷன். "உயிருக்குப் பயம் இல்லம்மா, குரலுக்கு மட்டும் என்னால உத்தரவாதம் குடுக்க முடியாது"ன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதான், கத்தி படுறதுக்கு முன்னாடி நாலு பாட்டைப் பதிஞ்சு வச்சிடலாம்னு அக்காவும் தங்கச்சியும் வந்திருக்காங்க. பட்டறை மூடியிருக்கிற நாள்லதான் அந்தத் தெருவுல நிம்மதியா ரெக்கார்ட் பண்ண முடியும்.

உள்ள போய் மைக்கைப் போட்டா... வால்வு பொரியுது. சூடான எண்ணெயில தண்ணி தெளிச்ச மாதிரி, பட் பட்னு.

வால்வு தெரியும்ல? பழைய ரேடியோவுக்குள்ள கண்ணாடிக் குப்பி ஒண்ணு செவசெவன்னு எரியுமே, அது. மைக்குல இருக்கிறது சின்னது, விரல் அளவுதான். பாடுறவங்க குரல் முதல்ல போய் விழுறதே அதுலதான். அது சீறினா பாட்டு முழுக்கச் சீறும்.

பழைய இரும்புக் கடையில வாங்கின வால்வு ஒரு டப்பா நிறைய இருந்தது. சித்தி மைக்கைப் பிரிச்சு வச்சுட்டு ஒவ்வொண்ணா மாட்டுறாங்க. சூடு ஏறட்டும்னு காத்திருந்து, ஹெட்போன்ல கேட்டு, பென்சிலால அது தலையில மெல்ல ஒரு தட்டு. கெட்ட வால்வுன்னா எவர்சில்வர் டம்ளர் மாதிரி டிங்...ங்ங்னு ரீங்காரம் போடும். ஒண்ணு ஸ்ஸ்ஸுன்னு சீறிச்சு. ஒண்ணு உறுமிச்சு. அடுத்தது டம்ளர்.

"மாப்பிள்ளை பார்க்கிறப்போ இதுல கால்வாசி பார்த்திருந்தா நீ நல்லா இருந்திருப்பேடி"ன்னாங்க அக்கா.

"வாயை மூடுக்கா, காது கேக்கல."

"நாளைக்கு மூடத்தான் போறேன். இன்னைக்குப் பேசுவேன்."

ஒவ்வொரு வால்வோட உச்சியிலயும் உள்பக்கமா வெள்ளிப் பூச்சு இருக்கும். பளபளன்னு இருந்தா உயிர் இருக்குன்னு அர்த்தம். எங்கேயாவது கீறல் விழுந்து உள்ள காத்து புகுந்துட்டா, அது பால் மாதிரி வெளுத்துடும். அப்படி வெளுத்தது ஒண்ணு டப்பாவுல கிடந்தது. "இது செத்துடுச்சு"ன்னு ஜன்னல்ல தூக்கி வச்சுட்டாங்க.

அடுத்ததை மாட்டினாங்க.

ஒண்ணுமே இல்ல. சீறல் இல்ல. உறுமல் இல்ல. தட்டினா ரீங்காரம் இல்ல. கிணத்துக்குள்ள காதை விட்ட மாதிரி... அமைதி. வேலை செய்யலையோன்னு "ஹலோ"ன்னு சொல்லிப் பார்த்தாங்க. குரல் அவ்வளவு சுத்தம். தொழிலுக்கு வந்து இப்படி ஒண்ணைக் கேட்டதே இல்லையாம்.

"உக்காருக்கா. இதுதான்."

அக்கா கண்ணை மூடிப் பாடினாங்க. முதல் வரியிலயே சித்திக்குப் புல்லரிச்சுப் போச்சு. கரகரப்பு இல்ல, திணறல் இல்ல. சின்ன வயசுல பாடுவாங்களே, அந்தக் குரல்.

அப்போ ஒரு வாசனை வந்துச்சு. வால்வு சூடானா தூசி கருகுற வாசனை வரும், அது இல்ல. ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த ரூமைத் திறந்தா வருமே... ஈரச் சுவர் வாசனை.

சித்தி ஒரு காதுல இருந்து ஹெட்போனை விலக்கினாங்க.

ரூம்ல சத்தமே இல்ல.

அக்கா வாய் அசையுது. தொண்டை நரம்பு புடைக்குது. சத்தம் மட்டும் வெளிய வரல. அக்காவுக்கும் அப்போதான் தெரிஞ்சிருக்கு. கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு வாயை மூடிட்டாங்க.

ஹெட்போன்ல... பாட்டு நிக்கல.

சித்தி ஜன்னலைப் பார்த்தாங்க. அங்க வச்ச வால்வைக் காணோம். குனிஞ்சு மைக்குக்குள்ள பார்த்தாங்க. உச்சியில பால் மாதிரி வெள்ளை. செத்ததுதான் எரிஞ்சுட்டு இருக்கு. பிளக்கைப் பிடுங்கினாங்க. அப்பவும் எரியுது.

பாட்டு நின்னுச்சு. அக்கா குரல்லயே மெதுவா ஒரு பேச்சு. "எப்படியும் நாளைக்குப் போகப் போறதுதானே... என்கிட்ட இருந்தா கெடாது. இதுக்கு முன்னாடி வந்ததும் கெடல."

யோசிச்சுப் பாருங்க. அது சொன்னதுல என்ன பொய்? சித்திக்கே ஒரு நிமிஷம் மனசு ஆடிடுச்சு. நாளைக்குக் குப்பையில போறது இங்கயாவது இருக்கட்டுமேன்னு. ஆனா குரல் அவங்களோடது இல்லையே. ஹெட்போனைக் கழட்டி அக்கா காதுல வச்சாங்க.

அக்கா கேட்டாங்க. முகம் அப்படியே சிவந்துச்சு. சட்டுன்னு மைக்குக்குள்ள கையை விட்டு, அந்த வால்வைப் பிடுங்கினாங்க. எரியுற வால்வு கையைச் சுடணும். இது பனிக்கட்டி மாதிரி விரல்ல ஒட்டிக்கிச்சு. தோல் உரிய இழுத்து, ஓங்கித் தரையில அடிச்சாங்க.

வால்வு உடைஞ்சா டப்புன்னு வெடிக்கும். இது வெடிக்கல. ஒரு பெருமூச்சு விட்டுச்சு.

அக்காவுக்கு இருமல் வந்துச்சு. கூடவே குரலும். அதே பழைய கட்டைக் குரல். "சனியனே! போறதுன்னா நானே வழியனுப்பி வச்சுக்கிறேன். எடுத்துக்க நீ யாரு?"

உடனே செருப்பைக் கூடப் போடாம ஓடி வந்திருப்பாங்கன்னுதானே நினைக்கிறீங்க? சித்தி அப்படித்தான் கிளம்பினாங்க. அக்கா விடல. "சீறுச்சே ஒண்ணு, அதை மாட்டுடி. நான் பாட வந்தவ. பாடிட்டுத்தான் போவேன்." விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு, பொழுது சாயுற வரைக்கும் பாடினாங்க. அந்த ரெக்கார்டிங்கை சுருட்டை எனக்குப் போட்டுக் காட்டினான். முழுக்க இரைச்சல். நடு நடுவுல இருமல். ஒரு இடத்துல வரி மறந்துட்டுச் சிரிக்கிறாங்க. அவ்வளவு அழகு.

மறுநாள் ஆபரேஷன். கட்டியை எடுத்துட்டாங்க. குரல் போயிடுச்சு.

ஆம்பளை பொம்பளைன்னு பார்க்காம, தொண்டை ஆபரேஷன் ஆனவங்களை மட்டும் போடுற வார்டு அது. சித்தி கட்டில் பக்கத்துல நின்னு, "போனா போகட்டும்க்கா. அதுக்குக் கிடைக்கலல்ல"ன்னாங்க. கழுத்து நிறையக் கட்டோட அக்கா சிரிச்சாங்க. அவங்க விரல் இரும்புக் கட்டில் கம்பியில தாளம் போட்டுச்சு. டக்... டக்... டக்டக்.

"ஆசை விடலை பாரு"ன்னு சித்தி கிண்டல் பண்ணாங்க.

அக்கா சிரிப்பு நின்னுடுச்சு. தன் விரலையே பார்த்தாங்க. நான் இல்லன்னு தலையாட்டினாங்க.

சித்தி அந்தக் கையை அமுக்கிப் பிடிச்சாங்க. விரல் நின்னுச்சு.

தாளம் நிக்கல.

சித்திக்கு எங்க இருந்து அவ்வளவு கோவம் வந்துச்சோ. கம்பி கிட்டக் குனிஞ்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டு, "தட்டு. நல்லாத் தட்டிக்கோ. இந்த வார்டுல ஒருத்தருக்கும் குரல் கிடையாது. உனக்குப் பாட ஆள் இல்ல"ன்னாங்க.

எதிர்க் கட்டில்ல ஒரு பெரியவர். தண்ணி வேணும்னா கூட எழுதித்தான் காட்டுவாராம். அவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தாரு. வாயைத் திறந்தாரு.

பாட்டு வந்துச்சு... பொம்பளைக் குரல்.

அக்காவோட குரல் இல்ல அது.