மேல்பட்டையின் நிறம்

தம்பி, காத்திருப்பவர்களுக்கு மின்விசிறிக்கு நேரே ஸ்டூல் போட்டிருக்கிறீர்களே, நல்ல ஏற்பாடு. எனக்கு ஒன்றும் அவசரமில்லை. வீட்டில் யாரும் இல்லை.

"நான் எடுத்துவிட்ட டிக்கைத் திரும்ப யார் சார் போட்டது?" என்று கேட்டீர்கள். நான்தான்.

போன வருஷம் மகளும் நானும் இதே கம்ப்யூட்டரோடு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நோட்டுப் புத்தக அளவு லேப்டாப், உள்ளே விசிறிகூடக் கிடையாது. சூடாகிச் சூடாகி அணைந்துகொண்டிருந்தது. நீங்கள் உடனே பிடித்துவிட்டீர்கள். பிரவுசரின் மேல்பட்டை நிறம் மாறிக்கொண்டே இருக்கும் ஓர் அலங்காரம். மிக மெதுவாக மாறும், உற்றுப் பார்த்தால்தான் தெரியும். "பெரிய மெஷினுக்கு இதெல்லாம் தூசு. இந்தக் குட்டிக்குத் தாங்காது. கூடவே வீடியோ கால் பேசினா பத்து நிமிஷத்துல படுத்துடும்" என்று சொல்லி, செட்டிங்ஸ் பக்கத்தில் அதற்கான டிக்கை எடுத்தீர்கள். பிஸ்கட் ஆலையில் முப்பது வருஷம் அடுப்பு பார்த்தவன் நான். சூடு எங்கிருந்து வருகிறது என்று கவனிப்பது பழக்கம். அந்த இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டேன். சத்தியமாக, அப்போது வேறு எண்ணம் இல்லை.

அவள் அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். மகள் கட்டட வரைபடம் வரைகிறவள். தூரத்து ஊர்களில் வேலை தேட ஆரம்பித்தாள். நேர்காணலில் திரையிலேயே வரைந்து காட்ட வேண்டும், போனில் ஆகாது. முதல் நேர்காணலன்று காலை அவள் குளிக்கப் போயிருந்தாள். நான் போய் டிக்கைப் போட்டேன். பதினோராவது நிமிஷம் திரை இருண்டது.

அழுதாள். காப்பி போட்டுக் கொடுத்தேன். "விடும்மா, இதைவிட நல்லதா வரும்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவள் முகம் கழுவப் போனபோது டிக்கை எடுத்துவிட்டேன். பிறகு அவள் எவ்வளவு சோதித்தும் மெஷினில் குறை தெரியவில்லை. வேறொன்று வாங்கலாமா என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன்.

இரண்டாவதும் அப்படியே போனது. மூன்றாவதில் பத்து நிமிஷத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று மூச்சுவிடாமல் பேசினாள். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல ஒரு கையை மெஷினின் அடியிலேயே வைத்திருந்தாள். "எனக்கு ராசியே இல்லப்பா" என்று அன்று சொன்னாள். அப்படியெல்லாம் பேசக் கூடாது என்று கண்டித்தேன்.

நான்காவது, படிக்கும் காலத்திலிருந்தே அவள் ஆசைப்பட்ட நிறுவனம். எழுத்துத் தேர்வெல்லாம் தாண்டிய கடைசிச் சுற்று. நான் தண்ணீர்ச் செம்போடு கதவருகே நின்றேன். பாதிப் பேச்சில் அவள் கண் மேலே போனது. பட்டை நீலத்திலிருந்து பச்சைக்கு வந்துகொண்டிருந்தது. சட்டென்று மௌஸை நகர்த்தினாள். அந்த டிக்கைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். மௌஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஹலோ, கேக்குதா?" என்று அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். திரை இருளும் வரை அவள் கை மடியிலேயே இருந்தது.

மறுநாள் ஒரு பையோடு போய்விட்டாள். எங்கே என்று தெரியாது. போன் அடித்தால் எடுப்பதில்லை. சாப்பாட்டு மேசையில் இந்தக் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்திருந்தாள். திரையில் அதே செட்டிங்ஸ் பக்கம், அதே டிக். சொருகிய வயரைக்கூடப் பிடுங்கவில்லை. தொட்டேன், கை சுட்டது. மேசையில் வேறு எதுவும் இல்லை. ஒரு வரி எழுதி வைக்கவில்லை.

நான் யோசித்துப் பார்த்தேன், தம்பி. உண்மையிலேயே அந்த வேலை வேண்டும் என்றால் அன்றைக்கே டிக்கை எடுத்திருப்பாள் அல்லவா? மௌஸ் அவள் கையில்தானே இருந்தது? அவளுக்கும் என்னை விட்டுப் போக மனமில்லை. இது சும்மா கோபம், தணிந்துவிடும். பதினேழு நாளாக இரண்டு பேருக்குத்தான் சமைக்கிறேன்.

நேற்றிலிருந்து மெஷின் போட்டால் இரண்டு நிமிஷம்கூட உயிரோடு நிற்க மாட்டேன் என்கிறது. எப்படியாவது சரிசெய்து கொடுங்கள், வந்தால் முதலில் இதைத்தான் தேடுவாள்.

அந்த டிக் மட்டும் அப்படியே இருக்கட்டும்.