லொக்கில் விழுந்த மூன்று முடிச்சு

ரொறன்ரோ மில்லிக்கனிலிருந்து ஒஷாவாவுக்கு பஸ்ஸில் போய்வருவது அப்படியொன்றும் கஷ்டமில்லை என்று சொல்பவர்கள் எல்லோரிடமும் கார் இருக்கிறது. என்னிடம் அக்கா இருந்தாள். நிலாணி அக்காவுக்கு ஒஷாவாவில் ஒரு பல் வைத்தியரிடம் வேலை; எனக்கு அங்கேதான் கொலிஜ். காலையில் அவளின் காரில் ஏறிச் சாய்ந்தால் வாசலில் இறங்கலாம். ஒரே குறை, வழிநெடுகப் பாடுவாள்.

இந்தக் கோடையில் அவளுக்கு லண்டனில் மாப்பிள்ளை பேசினார்கள். பெயர் கஜீபன். குடும்பமாகப் பார்க்கப் போனோம். அவர் எங்களை ஒருநாள் கால்வாய்ப் படகில் கூட்டிப்போனார். அந்தப் படகு, ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக்கட்டடம் ஒன்றின் ஒடுங்கிய கொறிடோரைக் கழற்றித் தண்ணீரில் போட்டது போல இருந்தது. கரையில் நடந்தவர்கள் எங்களை முந்தினார்கள். ஒரு வாத்தும் முந்தியது. அப்பா அதற்குக் கை காட்டினார். அக்கா பாடினாள். கஜீபன் அண்ணை பின்னால் நின்று படகைத் திருப்பிக்கொண்டே, சுருதிக்குச் சம்பந்தமில்லாமல் கூடப் பாடினார். அக்கா சிரித்த சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. இந்தச் சம்பந்தம் தானாக நிற்காது.

"இனி அத்தான் எண்டு கூப்பிட்டுப் பழகு," என்றா அம்மா.

"பாப்பம்," என்றேன்.

கால்வாய் பள்ளத்துக்கு இறங்கும் இடங்களில் லொக் இருக்கும். பெரிய கல் தொட்டி. படகை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தித் தண்ணீரை வடியவிட்டால், படகு லிஃப்ட் மாதிரி இறங்கும். படகு தந்த வெள்ளைக்காரர் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார்: கயிற்றைக் கட்டாதீர்கள், கையில் பிடித்துத் தளர்த்துங்கள். நான் கவனமாகக் கேட்டேன்.

மூன்றாவது லொக்கில் நான் கரையில் இறங்கி, பின்கயிற்றைத் தூணில் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டேன். அந்தப் பயணத்தில் விழுந்த மூன்று முடிச்சு அது மட்டும்தான். பிறகு தண்ணீர்க் கதவின் கைப்பிடியைச் சுழற்றினேன். அம்மா உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தா. அது எனக்குத் தெரியும்.

தண்ணீர் இறங்கியது. படகின் மூக்கும் இறங்கியது. வால் கயிற்றில் தொங்கியது.

"விடு! ஜெனோசன், விடு!" என்று கத்தினார் கஜீபன் அண்ணை.

விட்டேன். தண்ணீரை. இன்னும் நாலு சுற்று.

படகுக்குள் தண்ணீர் ஏறி, மட்டன் றோல்ஸ் வரிசையாக மிதந்து வந்தன. கஜீபன் அண்ணை உள்ளே பாய்ந்து அம்மாவைத் தோளில் தூக்கி ஏணியில் ஏற்றினார், பிறகு அப்பாவை. அக்கா தானே ஏறினாள். எல்லோரும் கரையில் தொப்பலாக நின்றார்கள். அப்பாவின் ஒரு சப்பாத்து மட்டும் பயணத்தைத் தொடர்ந்தது. அக்கா கஜீபன் அண்ணையைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள், அவரும் சிரித்தார், அம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. எனக்குத்தான் வரவில்லை. படகு மூழ்கியது வீணாகிவிடும் போலிருந்தது.

"ஏன்டா தண்ணியைத் திறந்தனி?" என்றார் அப்பா.

"உவர்தானே விடு எண்டவர்."

"நான் றோப்பைத்தான் நினைச்சுச் சொன்னனான், அங்கிள்," என்றார் கஜீபன் அண்ணை.

"கயிறு எண்டு சொன்னவரோ?" என்று அப்பா என்னைக் கேட்டார்.

"இல்லை அப்பா. விடு எண்டு மட்டும்தான்."

"அவிழ் எண்டு ஒரு சொல் தமிழிலை இருக்குத் தம்பி," என்றார் அப்பா அவரிடம், குளிரில் நடுங்கிக்கொண்டே. "சரி, கயித்தை ஆர் கட்டினது?"

நான் கஜீபன் அண்ணையைப் பார்த்தேன். பார்த்தது மட்டும்தான். அவர் என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். "நான்தான் அங்கிள், சொறி," என்றார். நல்ல மனிதர். அதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை.

"தாயைத் தண்ணியிலை தாழ்க்கப் பாத்தவனுக்கு மகளைக் குடுக்கிறதோ," என்றார் அப்பா. ரொறன்ரோ வந்து இறங்கும்போது சம்பந்தம் முறிந்திருந்தது.

எல்லாம் அக்காவின் நன்மைக்காகத்தான். லண்டனில் சரியான ஈரம். அவளுக்குத் தடிமன் காய்ச்சல் பிடிக்கும். இப்போது காலையில், "அக்கா, கொலிஜிலை விடு," என்பேன். எந்த விடு என்று அவள் கேட்பதில்லை. சாவியை எடுப்பாள். காருக்குள் ஒரு பாட்டும் இல்லை. ஒஷாவா வரைக்கும் நல்ல நித்திரை வருகிறது.