முதல் மூட்டையோடு செவிடான மெஷின்

பாத்திரம் தேய்க்கக்கூட லாயக்கில்லை என்று காளிகாட் மெஸ்ஸில் துரத்திவிட, நடந்து கால் வலித்து டிராமில் ஏறினேன். முன் சீட்டில் இருவர் தமிழில் பேசினார்கள்.

“முதல் மூட்டையை எண்ணிட்டு மெஷின் செவிடாயிடறது, அத்திம்பேர்” என்றார் இளையவர். “நாளைக்கும் ஓடலேன்னா ஆளை வச்சு எண்ணிக்கறானாம் பஜ்பஜ் சணல் மில்காரன். என் வேலையும் போயிடும்.”

“மூட்டை வந்தாச்சுன்னு சென்சார்லேர்ந்து இன்டரப்ட் வந்ததும், அடுத்த சேதி உள்ளே வராம சிப் கதவைச் சாத்திண்டுதான் எண்ணும்” என்றார் பெரியவர். “ எண்ணினப்புறம் கதவைத் திறக்கச் சொல்லி புரோகிராம்ல ஒரு வரி எழுதணுமே, எழுதினியோ?”

இளையவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“மூணு நாளா ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டிண்டிருந்தேன். நான்தான் கழுதை.”

ஆளை வைத்து எண்ணுவார்கள் என்பது மட்டும்தான் என் மனதில் நின்றது. ஐந்தாவது வரை படித்தவன், எண்ணத் தெரியும். மறுநாள் காலை பஜ்பஜ்ஜில் விசாரித்து அந்த ஆலைக்குப் போனேன். மெஷின் நன்றாக எண்ணிக்கொண்டிருந்தது. எனக்கு மூட்டை தூக்கும் வேலை கொடுத்தார்கள்.