இரண்டு நாற்காலிகளும் ஒரு மாதிரி வீடும்

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் அறக்கட்டளைத் தலைவர் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் அறங்காவலர்களே, கொடையளித்த பெருமக்களே, செங்கல் சுமந்த தோள்களே, கம்பி வளைத்த கைகளே, இன்று சாவி வாங்க வந்திருக்கும் நாற்பத்தேழு குடும்பங்களின் பெரியவர்களே, நாற்காலி கிடைக்காமல் பந்தலின் ஓரத்தில் நின்றுகொண்டிருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவரையும் தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

தாய்மார்கள் நிற்கிறார்கள். முதல் வரிசையில் 'சிறப்பு விருந்தினர்' என்று சீட்டு ஒட்டிய ஆறு நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. அம்மா, அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு உட்காருங்கள். யாராவது கேட்டால், அறக்கட்டளை இயக்குநர் நான்தான் சொன்னேன் என்று சொல்லுங்கள். நான் இன்று பேச வந்ததே நாற்காலியைப் பற்றித்தான்.

அழைப்பிதழில் என் பெயருக்கு நேராக 'மகிழ்வுரை' என்று அச்சடித்திருக்கிறார்கள். மன்னிக்க வேண்டும். எனக்கு இன்று மகிழ்ச்சி இல்லை. கோபம் இருக்கிறது. மூன்று மாதமாக இருக்கிறது.

குறைந்த வாடகைக்கு நாற்பத்தெட்டு வீடுகள் கட்டினோம். விண்ணப்பித்தவர்கள் தொள்ளாயிரம் பேருக்கு மேல். எப்படித் தேர்ந்தெடுத்தோம்? ஒரு படிவம் தயாரித்தோம். வீடு வீடாகப் போனோம். ஐம்பது மதிப்பெண்ணுக்குத் தேர்வு. கூரை ஒழுகினால் எட்டு. சுவரில் ஈரம் இருந்தால் ஆறு. உட்கார நாற்காலி இல்லை என்றால் நான்கு. 'குடும்பத்தின் தோற்றம்' என்று ஒரு கட்டம், அதற்கு ஐந்து. ஆள் எவ்வளவு நைந்து தெரிகிறாரோ அவ்வளவு மதிப்பெண். முப்பது எடுத்தால் வீடு.

இந்தப் படிவத்தை எழுதியவர் யார்? நான். நேர்மையாக இருக்க வேண்டும், சிபாரிசுக்கு இடம் இருக்கக் கூடாது என்று நான்கு நாள் உட்கார்ந்து எழுதினேன். எழுதி முடித்துவிட்டு என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

அச்சகத்துக்குப் பின்னால் ஒரு வரிசை வீடுகள். ஒற்றை அறை வீடுகள், ஒன்பது. சொந்தக்காரர் இடிக்கப் போவதாக நோட்டீஸ் கொடுத்திருந்தார். ஐந்தாம் எண்ணில் துணிக்கு இஸ்திரி போடும் அம்மா ஒருவர், இரண்டு பெண் பிள்ளைகளோடு. ஆறாம் எண்ணில் பூட்டு ரிப்பேர் செய்பவர். அவரை வட்டாரமே 'சாவி அண்ணன்' என்றுதான் கூப்பிடும். அதோ, நான்காவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். அண்ணே, நிமிர்ந்து உட்காருங்கள். இந்தக் கதையில் தலை குனிய வேண்டியவர் நீங்கள் இல்லை.

ஐந்தாம் எண்ணுக்கு நானே போனேன். கதவு திறந்ததும் சுண்ணாம்பு வாசனை. சுவர் பளிச்சென்று இருந்தது. ஜன்னலில் பூப்போட்ட திரை. நடுவில் இரண்டு நாற்காலிகள். பிள்ளைகள் இருவரும் மடிப்புக் கலையாத உடையில் சுவரோரமாக நின்றார்கள். "வாங்க சார், உக்காருங்க சார்" என்றார் அந்த அம்மா. உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். குடித்துவிட்டு, அவர் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே, இருக்கை வசதி உண்டு, பூஜ்ஜியம் என்று எழுதினேன். சுவர் நல்ல நிலை, பூஜ்ஜியம். கூரையில் ஒழுகல் தெரியவில்லை, பூஜ்ஜியம். தோற்றம், பூஜ்ஜியம். இஸ்திரி போடுகிறவர் வீட்டுப் பிள்ளைகளின் உடை மடிப்போடு இருக்காமல் வேறு எப்படி இருக்கும்? அதைக்கூட யோசிக்கவில்லை நான்! மொத்தம் பதினான்கு. நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன்.

பக்கத்து வீடு, ஆறாம் எண். வெறும் தரை. நாற்காலி இல்லை. நான்கு மதிப்பெண். சுவரில் ஈரம், ஆறு. மொத்தம் முப்பத்திரண்டு. சாவி அண்ணனுக்கு வீடு கிடைத்தது. அந்த அம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

பட்டியல் ஒட்டிய மறுநாள் அவர் அலுவலகத்துக்கு வந்தார். சண்டை போடவில்லை. என் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு கேட்டார்: "எங்க வீட்ல ஏதாவது சரியில்லையா சார்? இன்னொரு கோட்டு சுண்ணாம்பு அடிச்சிருக்கணுமோ?"

கேட்டீர்களா? சுத்தம் போதாமல்தான் வீடு கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்! நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "விதிமுறைப்படிதாம்மா" என்றேன். இந்த வாய்தான் சொன்னது.

ஒரு வாரம் கழித்து சாவி அண்ணன் வந்தார். வாசலில் நின்றபடியே சொன்னார்.

"சார், எனக்கு வீடு வேணாம்."

"ஏண்ணே?"

"அக்கா வீட்ல நீங்க உக்காந்தீங்களே, அந்த ரெண்டு நாற்காலியும் என்னோடது. பெரிய மனுசங்க வர்றாங்க, தரையிலயா உக்கார வைக்கிறதுன்னு கேட்டுச்சு. குடுத்தேன். என் நாற்காலிய அவங்க வீட்ல பாத்துட்டு அவங்களுக்கு வெட்டுனீங்க. என் வீட்ல இல்லைன்னு எனக்குப் போட்டீங்க. ஒரே நாற்காலி சார். ஒரே நாளு. பத்து நிமிச வித்தியாசம்."

அவர் அதோடு விடவில்லை.

"அந்தத் திரை மூணாம் நம்பர் வீட்டுது. சுண்ணாம்புக்குக் கீழ எங்க வீட்டு ஈரம்தான் அங்கயும். நீங்க வர்றதுக்கு முன்னாடி ஒழுகுற தண்ணிய ரெண்டு வாளி அள்ளிக் கொட்டுச்சு அக்கா. நான் எதையும் மறைக்கல சார், சோம்பேறித்தனம். எனக்கு வீடு. ராப்பகலா தேச்சுத் தேச்சுச் சுத்தம் பண்ணின ஆளு தெருவுல. நல்லா இருக்கு சார் உங்க பரீட்சை."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் போனதும் கூட்டிப் பார்த்தேன். அந்த அம்மா மறைத்ததை எல்லாம் சேர்த்தால் முப்பத்தேழு. நாற்காலி இருந்திருந்தால் சாவி அண்ணனுக்கு இருபத்தெட்டு. இரண்டு நாற்காலி இடம் மாறியதில் ஒரு குடும்பம் உள்ளே, ஒரு குடும்பம் வெளியே.

நான் ஓடிப் போய்ப் பார்ப்பதற்குள் அந்த வரிசையை இடித்துவிட்டார்கள். அம்மா இப்போது தங்கை வீட்டு மாடிப்படிக்குக் கீழே படுக்கிறார், சின்ன மகளோடு. பெரிய மகள் ஊரின் மறுகோடியில் தாய்மாமன் வீட்டில். பிள்ளைகள் இருவரும் மூன்று மாதமாகத் தனித்தனி.

யார் மீது கோபப்படுவது? இரவல் நாற்காலி வாங்கியவர் மீதா? கொடுத்தவர் மீதா? வீட்டுக்கு வருகிறவர்களை மரியாதையாக உட்கார வைக்க வேண்டும் என்று நினைத்தது குற்றமா? ஏழை என்றால் எங்கள் கண்ணுக்கு ஏழையாகத் தெரிய வேண்டும்! அழுக்காகத் தெரிய வேண்டும்! அழுதுகொண்டு தெரிய வேண்டும்! மானத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வந்தால்தான் வீடு என்றால், அதற்குப் பெயர் அறக்கட்டளையா?

கை தட்டாதீர்கள். இன்னும் முடியவில்லை.

கட்டியது நாற்பத்தெட்டு, கொடுக்கப் போகிற சாவி நாற்பத்தேழு என்றேன். அந்த ஒன்று எங்கே? பின்னால் ஒருவர் கேட்கிறார், சரியாகக் கேட்கிறார். தரைத்தளத்தில், வலது கைப் பக்கம் முதல் வீடு. அதற்குப் பெயர் மாதிரி வீடு. கொடையாளர்கள் வந்து பார்ப்பதற்காக. அதில் யாரும் குடியிருக்க மாட்டார்கள். அதன் உள்ளே என்ன இருக்கிறது தெரியுமா? வெள்ளை அடித்த சுவர். ஜன்னலில் பூப்போட்ட திரை. நடுவில் இரண்டு நாற்காலிகள்!

அந்த அம்மா வைத்திருந்தார், பூஜ்ஜியம் போட்டோம். நாங்கள் வைத்தோம், படம் எடுத்து விழா மலரில் அச்சடித்தோம்.

போன செவ்வாய்க்கிழமை குழுக் கூட்டத்தில் அந்த வீட்டை அவருக்குக் கொடுப்போம் என்றேன். "பட்டியல் முடிஞ்சுபோச்சே" என்றார் ஒருவர். "அடுத்த கட்டடத்துல பாத்துக்கலாம்" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் சொன்னதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. "வர்றவங்களுக்குக் காட்ட ஒரு வீடு வேணும்ல? ஆள் இருந்தா வீடு அழுக்காயிடும்."

ஆள் இருந்தால் வீடு அழுக்காகிவிடுமாம்! ஐயா, ஆள் இருப்பதற்குத்தானே வீடு? ஆள் இல்லாமல் பளபளப்பாக இருப்பதற்குப் பெயர் வீடா, கடையில் வைத்த பொம்மையா?

தலைவர் ஒரு துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். 'நேரமாகிறது' என்று எழுதியிருக்கிறது. உண்மை, தலைவர் அவர்களே. மூன்று மாதம் நேரமாகிவிட்டது.

ஒதுக்கீட்டுக் கடிதத்தில் கையெழுத்திடும் அதிகாரம் இயக்குநருக்கு. இன்று காலை அந்த மாதிரி வீட்டை அந்த அம்மாவுக்கு ஒதுக்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாளைக்குக் குழு கூடி என்னை அனுப்பலாம், அது உங்கள் உரிமை. ஆனால் கொடுத்த வீட்டை எந்தக் குழுவும் பிடுங்க முடியாது. அதுவும் நம் விதிமுறைதான், படித்துப் பாருங்கள்.

என் கையிலிருக்கும் இந்தப் படிவத்தைக் கிழித்தெறியப் போகிறேன் என்று எதிர்பார்க்கிறீர்கள். கிழிக்க மாட்டேன். கிழித்தால் நீங்கள் கை தட்டுவீர்கள், நான் மறந்துவிடுவேன். பதினான்கு என்று என் கையெழுத்தில் இருக்கும் இதே தாளை, இனி நான் எங்கே உட்கார்ந்தாலும் என் மேசைக்கு எதிரில் மாட்டி வைப்பேன்.

அம்மா, அந்த ஓரத்தில் தூணுக்குப் பின்னால் நிற்கிறீர்கள். பார்த்துவிட்டேன். மேடைக்கு வாருங்கள். என்னம்மா? "அங்கல்லாம் வரமாட்டேன்"? சரி. நியாயம்தான். இவ்வளவு நடந்த பிறகு நீங்கள் எதற்கு ஏறி வர வேண்டும்? சாவியோடு நானே இறங்கி வருகிறேன். சாவி அண்ணே, நீங்களும் எழுந்து வாருங்கள். உங்கள் சாவியும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. இப்போதாவது வாங்கிக்கொள்வீர்களா? தலையாட்டுகிறார். நல்லது.

பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கும், பொறுமை இழந்தாலும் எழுந்து போகாத அறங்காவலர்களுக்கும், இந்தச் சுவர்களை எழுப்பிய கைகளுக்கும் என் நன்றி.

அம்மா, உங்களிடம் மட்டும் ஒன்று. பிள்ளைகள் இருவரும் ஒரே கூரைக்குக் கீழே வந்த பிறகு, ஒரு நாள் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். சுண்ணாம்பு அடிக்க வேண்டாம். என் கையில் தாள் இருக்காது, பேனா இருக்காது. உட்காரச் சொன்னால் உட்கார்வேன்.

வணக்கம்.