விளக்குக்காரியின் நாற்காலி

– அது எனக்க நாற்காலி.

– தெரியும்.

– பின்ன அதுல இருந்துட்டு என்ன செய்யுதிய?

– இப்போ நான்தான் நீ. கொஞ்சம் பொறு லிபி... எனக்க கையில, இல்ல, ஒனக்க கையில என்னெல்லாம் இருக்குண்ணு பாத்துக்கிடுதேன்.

– கோயில்ல இருந்து நனைஞ்சுட்டு வந்திருக்கேன். தலை தொடைக்க ஒரு துவர்த்து எடுத்துத் தர ஆளில்ல. மேசை முழுக்க சீட்டுக்கட்டு!

– துவர்த்து கொடியில கெடக்கு. தண்ணி இந்தா இருக்கு, குடி.

– இதுவா? பாதி குடிச்சு வச்சிருக்கிய.

– அது மறக்கதுக்கு.

– என்னத்த?

– இப்பதான் அந்த நாற்காலியில இருந்து வேல்காரனுக்க கார்டை எல்லாம் பாத்தேன். இங்க வந்து இருந்தா நான் விளக்குக்காரி. வேல்காரன் கையில என்ன இருக்குண்ணு விளக்குக்காரிக்குத் தெரியக்கூடாதுல்லா? அதான், மாறும்போ ஒரு மடக்குத் தண்ணி குடிக்கேன்.

– குடிச்சா மறந்துருமா?

– மறக்கல்ல. பாத்ரூம் போகத்தான் தோணுது.

– தள்ளே! தலைவலிண்ணு சொல்லி கோயிலுக்கு வராத மனுசனுக்க சோலியைப் பாரு!

– தலைவலி நெசம்தான். இப்போ கொறைஞ்சு.

– ரெண்டு பேரு ஆடுத ஆட்டத்தை ஒத்தைக்கு ஆடி ஆரை ஜெயிக்கப் போறிய?

– இதுல ஆரு ஆரை ஜெயிக்க? ரெண்டு பேரும் ஒரே கட்சி. ஜெயிச்சா சேர்ந்து ஜெயிக்கணும், தோத்தா சேர்ந்து தோக்கணும். எதிரி இந்தக் கட்டுக்குள்ள இருக்கு...

– எனக்கே சொல்லித் தாறியளா? இதை வாங்குனதே நான்.

– செரி செரி. அதிருக்கட்டும், இந்தப் புளியங்கொட்டை எப்பிடிப் பெட்டிக்குள்ள வந்துது?

– எந்தப் புளியங்கொட்டை?

– இந்தா. விளக்குக்காரிக்க சுடர் வில்லை ஒண்ணைக் காணல்ல. அந்தக் குழியில இது இருக்கு.

– சமையக்கட்டுல இருந்து உருண்டு வந்திருக்கும்.

– உருண்டு... அலமாரிக்கு மேல ஏறி... மூடியைத் தொறந்து...

– எலியா இருக்கும்.

– நல்ல எலி. சரியா சுடர் வைக்குத எடத்துல கொண்டு வச்சிருக்கு.

– நீங்க எனக்க பக்கம் பாக்காம ஒங்க வேலையைப் பாருங்க. மீன் கறி ஆச்சா?

– ஆச்சு. மாங்கா போட்டிருக்கேன். மாமா எப்பம் வருவாவ?

– அப்பா கடையைப் பூட்டிட்டு வருவாவ. மழை வெறிச்சா இப்பம் வந்துருவாவ.

– ஞாயித்துக்கிழமை எதுக்குக் கடை தொறந்தாவ?

– தொறக்கல்ல. சும்மா உள்ள போயி இருக்காவ. கீலு, தாழ்ப்பாளு, ஆணிப்பெட்டி எல்லாத்தையும் ஒரு வாட்டி பாக்கணுமாம்.

– ம்.

– ம்-ணா?

– ஒண்ணும் இல்ல. நான் ஆடுதேன்.

– பொறுங்க... இது... இது ஈஸ்டர் லீவுல நம்ம பாதியில விட்ட ஆட்டம்லா?

– அதேதான். அன்னைக்கு போன்ல படம் எடுத்து வச்சிருந்தேன். அதைப் பாத்து அப்பிடியே அடுக்கியிருக்கேன். ஒரு கார்டு மாறல்ல.

– பொண்டாட்டி கோவிச்சுட்டு எந்திச்சுப் போறா. மாப்பிள்ள போட்டோ எடுத்துட்டு இருந்தாரு!

– பின்ன, நீ திரிச்சு மேசைக்கு வந்து இருப்பேண்ணு நெனச்சேன். துறைமுகத்துல அதுதான எனக்க சோலி? எந்தப் பெட்டி எதுக்கு மேல இருக்குண்ணு எழுதி வைக்காம நான் வீட்டுக்கு வாறதில்ல.

– நான் கண்டெய்னர் இல்ல.

– அப்பிடிச் சொல்லல்ல லிபி.

– எனக்குத் தெரியும், கிண்டல் பண்ணினேன். ...எந்த எடத்துல நிக்கிது?

– பாலத்துக்கு இந்தப் பக்கம். சுத்தி நிழல் நாய்ங்க. விளக்கு எரியுத வரைக்கும் கிட்ட வராது. ஆனா வெளிச்சத்தைப் பாத்துப் பாத்துக் கூட்டம் சேர்ந்துட்டே இருக்கும். நம்ம பாலத்துல கால் வைக்கதுக்குள்ள எண்ணிக்கை கூடிருது.

– எனக்க கையில அந்தக் கார்டு இருந்துது.

– இருக்கு. இந்தா, “விளக்கை அணை.” நாய்ங்க எல்லாம் தெசை தெரியாம கலைஞ்சு போகும். ஆனா...

– ஆனா அந்த இருட்டு தீருத வரைக்கும் ரெண்டு பேரும் பேசக்கூடாது. கார்டைக் காட்டக்கூடாது, சைகை கூடாது. அவங்கவங்க கார்டை அவங்கவங்களே யோசிச்சுப் போடணும்.

– ரூல் எல்லாம் ஓர்மை இருக்கே!

– மறக்குமா? அன்னைக்கு நான் அதைப் போட எடுத்தேன். நீங்க கையை வச்சு அமுக்கினிய.

– அமுக்கல்ல. காட்டினேன்.

– அமுக்கினிய. எனக்க வெரல் உள்ள இருந்துது.

– அதுல ஆபத்து இருக்குண்ணுதான்... பேசாம எப்பிடி ஆட? நீ எந்தக் கார்டை போடுவேண்ணு எனக்குத் தெரியாம...

– அதுக்கு முன்ன எல்லாக் கார்டும் நீங்கதான் சொன்னிய. “அதை வையி, இதை எடு, அது வேண்டாம்.” நான் மேசைக்கு வாடகைக்கு வந்த கை மாதிரி இருந்தேன். செரி, கார்டுதானேண்ணு பொறுத்தேன். அதுலயும் ஒரு கார்டு எனக்குண்ணு வந்துது, அதையும்...

– அதுக்காகத்தான் பாத்திரம் கழுவப் போனியா?

– ஏற்கெனவே கழுவின பாத்திரத்தை.

– ...அது தெரிஞ்சுது.

– சிரிக்காதீங்க.

– சிரிக்கல்ல. சங்கடம்தான். நீ அப்புறம் இந்தப் பெட்டியைத் திரும்பிப் பாக்கல்லியே.

– விடுங்க. அப்பா வாறதுக்கு முன்ன ஒண்ணு கேக்கணும்.

– கேளு.

– ஷாஜிக்கு இண்ணைக்குப் பதில் சொல்லணும். அவரு அடுத்த கடைக்காரரு, நல்ல மனுசன், ஆனா காத்திருந்து அவருக்கும் அலுத்து மடுத்துப் போச்சு. ஒண்ணு, கடையை அவருக்கு விட்டுக் குடுக்கணும். இல்லேண்ணா நான் ஆபீஸை விட்டுட்டு சாலை மார்க்கெட்டுக்குப் போயி கடையில இருக்கணும். அப்பாவால இனி முடியாது, முட்டு மடங்க மாட்டேங்குது. நான் அப்பாகிட்ட என்ன சொல்லட்டும்?

– நீ சொல்லு.

– நான்தான் கேக்குதேன்.

– நானும்தான் சொல்லுதேன். நீ சொல்லு.

– ஆட்டோக்காரன் எந்த வழியா தம்பானூர் போகணும்ணு அவனுக்கே சொல்லிக் குடுக்குத ஆளு. எனக்கு மட்டும் ஒண்ணும் சொல்ல இல்லியா?

– இருக்கு. சொல்ல மாட்டேன்.

– ஏன்?

– ...எனக்க முறை இல்ல.

– ஓ.

– ஆபீஸை விட்டா திரிச்சு எடுக்க மாட்டாவ, அது ஒனக்கே தெரியும். சாலையில பொம்பள இரும்புக்கடை நடத்துனா மொத மாசம் வேடிக்கை பாக்கத்தான் வருவாவ, அதும் ஒனக்குத் தெரியும். அதுக்கு மேல நான்... இல்ல. வேண்டாம். பாதி சொல்லிட்டேன், பாத்தியா?

– நாக்கைக் கடிச்சிட்டு இருங்க.

– கடிச்சிட்டுத்தான் இருக்கேன். வலிக்குது.

– நல்லா கடிங்க.

– லிபி... ஒரு காரியம் சொல்லட்டா? ஒனக்க கார்டை நான் போட்டுப் பாத்தேன்.

– எப்பம்?

– நீ வரதுக்குக் கொஞ்சம் முன்ன. மொதல்ல எனக்க வழியில ஆடினேன். விளக்கை அணைக்காம, வேல்காரனுக்க வேலை வச்சுத் தள்ளித் தள்ளி... பாலத்துக்கு இந்தப் பக்கமே கதை முடிஞ்சு போச்சு. பெறகு எல்லாத்தையும் திரும்ப அடுக்கி, அன்னைக்கு நீ போட எடுத்த மாதிரியே விளக்கை அணைச்சேன்.

– அணைச்சா?

– ஜெயிச்சேன்.

– ஜெயிச்சியளா!

– ஆமா. அழகா. ரெண்டு பேரும் பாலம் கடந்தாச்சு. நீ அன்னைக்கு நெனச்சதுதான் செரி.

– கொள்ளாமே, நல்லா இருக்கே! ஆரு முன்ன கடந்தது? வேல்காரனா, விளக்குக்காரியா?

– வேல்... விளக்குக்காரிதான்.

– நாய்ங்க?

– கலைஞ்சு போச்சு.

– எல்லாம்?

– எல்லாம்தான். நீ எதுக்கு வக்கீல் மாதிரி கேக்குதே? ஜெயிச்சேண்ணு சொல்லுதேன், சந்தோசப்படு. தனியா ஒரு முடிவு எடுத்தா செரியாத்தான் எடுப்பே நீ. அதைத்தான் சொல்ல வந்தேன்.

– சந்தோசம்தான். நடுப்பலகை ஒடிஞ்சு கீழ இருந்து அந்தக் கெழவி கால்ல பிடிப்பாளே... அவளை எப்பிடித் தாண்டினிய?

– அவளை நான் வேலால...

– ம்?

– லிபி.

– என்ன?

– நம்ம அந்தப் பாலத்துல கால் வச்சதே இல்ல.

– அந்தத் தண்ணியை இங்க தாங்க.

– கதைக் கார்டு எல்லாம் வரிசைப்படிதான் தொறக்கும். பலகை ஒடியுதது அணைச்சதுக்கு அப்புறம் நாலு கார்டு தள்ளி. ஒனக்கு எப்பிடிக் கெழவியைத் தெரியும்?

– மழை விட்டுப் போச்சு, பாருங்க.

– லிபி!

– ...அந்த எலி நான்தான்.

– நீயா? எப்பம்?

– நீங்க விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு ரெண்டாம் ஷிப்டு போகும்போ எல்லாம். ஆபீஸ்ல இருந்து வந்து, சேலை மாத்தாம இந்த மேசையில இருந்து ஆடுவேன். ஒரு சுடர் சோபாவுக்கு அடியில போச்சு. புளி கரைச்சிட்டு இருந்தேனா, கையில கெடச்சதை வச்சேன்.

– ஒனக்கும் படம் வேணுமே அடுக்கதுக்கு?

– எனக்கு எதுக்குப் படம்? அந்த மேசையை நான் மறக்கவே இல்ல.

– ஒத்தைக்கு ரெண்டு கையும் ஆடினியா?

– ஆமா. நானும் நாற்காலி மாறி மாறி இருந்தேன். ஒங்க நாற்காலியில இருந்தா ஒடனே ஒங்க புத்தி வந்துருது. எனக்கே உத்தரவு போடுதேன்! “அதை வையி லிபி, இதை எடு லிபி.” பெறகு இந்தப் பக்கம் வந்து இருந்து எனக்கே கோவம் வருது.

– ஜெயிச்சியா?

– நீங்க ஜெயிச்சியளா?

– ...இல்ல.

– தெரியும். நானும் இல்ல. விளக்கை அணைச்சாலும் தோக்கத்தான் செய்யுது. கெழவி பிடிச்சா விடமாட்டா.

– அவளைத் தாண்ட ஒரு வழியும் காணல்ல. ரெண்டு கையும் எனக்குத் தெரியும், இருந்தும் தோக்குது.

– அப்பம் என்னத்துக்குப் பொய் சொன்னிய?

– மாமா வருவாவ. நீ என்ன சொல்லணும்ணு ராத்திரி எல்லாம் பொரண்டு பொரண்டு படுத்தே. ஒனக்கு ஒரு தைரியம் வரட்டும்ணு... அதைத் தவிர எனக்கு வேற வழி தெரியல்ல. நீ பொய்யிண்ணு தெரிஞ்சே கேட்டுட்டு இருந்தியா?

– பின்ன? கல்யாணம் கழிஞ்சு மொதத் தடவையா, நான் தோத்த வழியை ஒரு ஆளு நல்ல வழிண்ணு சொல்லுதாரு. நிறுத்த மனசு வரல்ல. இன்னும் கொஞ்சம் சொல்லட்டும்ணு இருந்துது.

– அப்பிடிண்ணா எனக்க அபிப்பிராயத்தையும் கேட்டுக்கோ. இனி ஒளிச்சு வச்சு என்ன? எனக்குப் பயம், பேடியா இருக்கு. கடை தோத்துப் போகும்ணு பேடி. நீ தோத்துட்டு வந்து இங்க இருந்து அழுவதைப் பாக்க என்னால முடியாது. அவ்வளவுதான்.

– எனக்கும் அதே பேடிதான்.

– அப்போ மாமாகிட்ட வேண்டாம்ணு சொல்லப் போறியா?

– பெல் அடிக்குது.

– கேக்குது. நீ சொல்லு மொதல்ல. ஷாஜிக்குக் குடுக்கப் போறியா?

– ஷாஜிகிட்ட அப்பா போன வாரமே இல்லேண்ணு சொல்லியாச்சு.

– ஆங்?

– அப்பா பதில் கேக்க வரல்ல. கடைச் சாவி தர வாறாவ. நான் வெள்ளிக்கிழமையே ஆபீஸ்ல ராஜினாமா எழுதிக் குடுத்துட்டேன்.

– ...எனக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல்ல நீ.

– சொன்னா கையை வைப்பிய.

– இண்ணைக்கு நான் வைக்கல்லியே லிபி.

– இல்ல. அதைப் பாக்கத்தான் தெரியாத மாதிரி கேட்டேன். சொல்லாம செஞ்சது எனக்கும் சங்கடம்தான்... ராத்திரி பொரண்டு படுத்தது அதுக்குத்தான், கடைக்கு இல்ல. கோவமா?

– ஆமா. கொஞ்சம். ...மாமா வாசல்ல நிக்காவ.

– போயி கதவைத் தொறங்க. சாப்பாடு கழிஞ்சு இந்தப் பாலத்தை ஒரு தடவை ரெண்டு பேருமா ஆடுவோம். நான்தான் விளக்கை அணைப்பேன். ஆனா திரிச்சு வரும்போ எனக்க நாற்காலியில இருக்காதீங்க, அங்கோட்டு இருங்க... ஒங்க கையில என்ன கார்டு இருக்குண்ணு எனக்குக் காட்டாதீங்க.