சோதனை வெற்றி

பழைய கம்ப்யூட்டர்கள் என்றால் எனக்கு எப்போதுமே பாசம் அதிகம், அய்யா. கானாவில் எங்கள் கேப் கோஸ்ட் மருத்துவமனை மருந்தகத்தில் இருப்பதும் கிழடுதான். நோயாளிகளின் தகவல் கிடங்கோடு அதை இணைக்கும் வேலை எனக்கு. டிரைவர் மென்பொருளை நிறுவி, எந்தக் கிடங்கு என்று தேர்ந்தெடுத்து, சோதனைப் பொத்தானை அமுக்க வேண்டும். அவ்வளவுதான்.

பட்டியலில் இரண்டு கிடங்குகள் வரும். ஒன்று உண்மையானது. மற்றது, ஊழியர்கள் பழகிப் பார்க்க நான் கற்பனையாக நிரப்பியது. நான் கற்பனையைத் தேர்ந்தெடுத்தேன். 'சோதனை வெற்றி' என்று வந்தது.

காரணம் மருந்தாளர் அரபா மேடம். எல்லோரும் கென்கியும் மீனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "எபோ, உனக்கு வயர் சொருகத்தான் தெரியும். மூளையையும் ஒரு தடவ சொருகிப் பாரேன்" என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள். தேடும் பேரெல்லாம் இல்லை என்று வரட்டும், நாலு பேர் முன்னால் மேடம் அசடு வழியட்டும் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் எசி அமிஸ்ஸா என்ற நோயாளியைத் தேடியபோது பேர் கிடைத்துவிட்டது. எங்களில் ஞாயிறன்று பிறந்த பெண்ணெல்லாம் எசிதானே. கற்பனைக்குப் பேர் வைக்கும்போது நான் மட்டும் வேறென்ன வைப்பேன்? என் கற்பனைக் கிடங்கிலும் ஒரு எசி அமிஸ்ஸா இருந்தாள். ஒவ்வாமை என்ற இடத்தில் சோம்பல்பட்டு எல்லோருக்கும் 'இல்லை' என்று போட்டிருந்தேன்.

உண்மையான எசி காய்ச்சலில் கண்ணே திறக்கவில்லை. அவள் கணவன் கோஜோ மருந்தக ஜன்னலுக்கு ஓடிவந்தான்.

"ஏதோ ஒரு ஊசி அவளுக்கு ஆகாதும்மா. பேரு வாயில வரமாட்டேங்குது. உங்க கம்ப்யூட்டர்ல இருக்கும், பாருங்க."

மேடம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "எபோ, ஒண்ணும் இல்லன்னு வருதேப்பா. நம்பலாமா?"

அது என் எசி என்று எனக்குத் தெரியும். ஆனால் மேடம் முதல்முறையாக என்னிடம் யோசனை கேட்டார். அது எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா, அய்யா?

"நம்புங்க மேடம். நான்தானே இணைச்சேன்" என்றேன்.

பெனிசிலின் ஊசி போட்டார்கள். எசி மூச்சுத் திணறிச் செத்துப்போனாள். மேடத்தை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். பாவம்தான். இன்னும் கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம்.

இணைப்பை அன்றைக்கே மாற்றிவிட்டேன். நீங்களே தேடிப் பாருங்கள், அய்யா. இப்போது சரியான எசிதான் வருவாள்.