மூணாவது சொட்டு

...காது குடுத்துக் கேக்கலியாம்! என்னப் பாத்து! இங்கிலீஷு தப்பில்லியாம், உச்சரிப்பு தப்பில்லியாம், நோயாளி சொல்றத நான் காது குடுத்துக் கேக்கலியாம். அதுக்கு அந்த அயர்லாந்துப் பரீச்சையில மார்க்கக் கொறச்சிட்டாங்க. நீங்களே சொல்லுங்க ஐயா... சரி, நீங்க எங்க சொல்லப் போறீங்க. தலய அண்ணாந்து வெச்சுக்கோங்க. புருவத்துக்கு மேல ஒரு பிளாஸ்திரி ஒட்டறேன், எந்தக் கண்ணுனு அடையாளம். ஆச்சா. இப்ப முதல் சொட்டு. ரெண்டு கண்ணையும் மூடிக்கோங்க. சில்லுனு இருக்கும், அப்புறம் லேசா எரியும், அப்புறம் கண்பாப்பா விரியும். பத்து நிமிஷத்துக்கு ஒண்ணா மூணு சொட்டு. மூணு முடிஞ்சா உள்ள கூப்பிடுவாங்க. அதுவரைக்கும் நான் இங்கதான் இருப்பேன், தனியா இருக்கோமேனு நெனைக்காதீங்க.

உங்கள மாதிரி நோயாளி கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும். கழுத்துல அட்டை, அட்டையில "மௌனம்", கீழ இங்கிலீஷ்ல வேற. செங்கம் ரோட்டுல பாதிப் பேரு இப்ப இத மாட்டிகிட்டுதான் திரியறாங்க. நேத்து ஆசிரமத்துக்கு எதிர்ல காபிக் கடையில ஒரு வெள்ளக்காரம்மா. அட்டை பாட்டுக்குத் தொங்குது, போன்ல டைப் அடிக்கற வேகத்தப் பாக்கணுமே! வாய்க்குதான் விரதம், வெரலுக்கு இல்ல போல. உங்களச் சொல்லல. உங்க வீட்டம்மா வெளிய சொன்னாங்க. கோர்ட்டு டவாலியாமே நீங்க? முப்பத்தோரு வருஷம் வாசப்படியில நின்னு ஒவ்வொரு பேரையும் மூணு மூணு தடவ கூப்பிட்டீங்களாம், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்குமாம். போன தீபத்தன்னிக்கு "போதும்"னு வாய மூடினவரு, வர்ற தீபம் வரைக்கும் ஒரு வார்த்த பேசறதில்லனு வேண்டுதலாம். இன்னும் பதினேழு நாளுதான் பாக்கினு அவங்க வெரல் விட்டு எண்ணிகிட்டு இருக்காங்க. பாவம், வீட்டுல பேச்சுத் தொணை இல்ல போல, என்னக் கண்டதும் கையப் புடிச்சுகிட்டாங்க. அவங்க ரெண்டு வார்த்த பேசினாங்க, நான் ரெண்டு வார்த்த பேசினேன்... நான் கொஞ்சம் ஜாஸ்தி.

கைய எறக்குங்க ஐயா. கண்ணத் தொடக்கூடாது. என்ன, காத்துல எழுதிக் காட்டறீங்க, பேனாவா? நோட்டு, பேனா, கண்ணாடி எல்லாம் பையில போட்டு அவங்க கிட்டயே குடுத்தாச்சு. தியேட்டருக்குள்ள அதெல்லாம் ஆகாது. அட்டைய மட்டும் விட்டு வெச்சிருக்கேன், டாக்டருக்குத் தெரியணும்ல.

எங்க விட்டேன்? ஆங், அயர்லாந்து. அங்க ஒரு ஆஸ்பத்திரியில தியேட்டர் நர்சு வேல. "பிர்தௌஸ் பேகம்"னு என் பேரப் போட்டு கடுதாசியே வந்துடுச்சு. ஆனா இந்த மாசக் கடைசிக்குள்ள இங்கிலீஷ் பரீச்ச பாஸ் ஆகியாகணும், இல்லனா அந்த எடம் வேற ஆளுக்கு. படிக்கறது பாஸ், எழுதறது பாஸ், பேசறதுல ரெண்டு தடவ ஃபெயில். நான்! பேசறதுல! எங்க தெருவே சிரிச்சுது. சனிக்கிழம மூணாவது தடவ. அதோட கத முடிஞ்சுது, இப்படியோ அப்படியோ.

பன்னண்டு வருஷம் மஸ்கட்ல இருந்தேன் ஐயா. இதய ஆபரேஷன், நெஞ்ச ரெண்டாப் பொளந்து வெச்சிருப்பாங்க, நான் பக்கத்துல நிப்பேன். டாக்டர் தல நிமிர மாட்டாரு, கைய நீட்டுவாரு, அந்தக் கையில என்ன வெக்கணும்னு எனக்குத் தெரியும். கேட்டு வாங்கற டாக்டர் நல்ல டாக்டர் இல்ல, கேட்டுக் குடுக்கற நர்சு நல்ல நர்சு இல்ல. வீட்டுல உருதுல கத்திரிக்கு கைஞ்சினு சொல்வோம், காலேஜுல சிசர்ஸ்னாங்க, மஸ்கட்ல அரபியில மிகஸ்னாங்க, தமிழ்ல கத்திரி. நாலு பாஷையில கத்திரி குடுத்தவளுக்கு இங்கிலீஷ்ல பேசத் தெரியாதாம்! உள்ள போன பஞ்சு வெளிய வந்துச்சானு நான் எண்ணிச் சொன்னாதான் அங்க தையலே போடுவாங்க. அப்புறம் உள்ளூர் ஆளுங்களுக்கே வேலைனு சட்டம் வந்துச்சு, ஒரு பூங்கொத்து குடுத்து அனுப்பிட்டாங்க. இங்க வந்து கண்ணுக்குச் சொட்டு விடறேன். தப்பா நெனைக்காதீங்க, கண்ணும் முக்கியம்தான்.

ரெண்டாவது சொட்டு. ஏன் தலயத் திருப்பறீங்க? எரியுதா? எரியத்தான் செய்யும். அசையாதீங்க... ஆச்சு.

அந்தப் பரீச்ச என்னானு கேளுங்க. ஒரு சீட்டு குடுப்பாங்க. எதிர்ல ஒரு அம்மா உக்காந்து நோயாளி மாதிரி நடிப்பா. அஞ்சு நிமிஷம் பேசணும். முதல் தடவ அந்தம்மா "நாளைக்கு எனக்கு ஆபரேஷன்"னா. நான் விட்டேனா? ராத்திரி பன்னண்டுக்கு மேல தண்ணி குடிக்காதே, நகப்பூச்சத் தொடச்சிடு, பொய்ப்பல்லு இருந்தா கழட்டி வெச்சிடு, தாலி வரைக்கும் சொல்லிட்டேன். மூச்சு விடாம நாலு நிமிஷம் ஐம்பது செகண்டு. அந்தம்மா ரெண்டு தடவ வாயத் தொறந்தா, நான் "ஒரு நிமிஷம் மேடம்"னு சொல்லிட்டேன். ரெண்டாவது தடவ வேற ஒருத்தி, "எனக்குப் பயமா இருக்கு"னா. "பயப்படாதே"னேன். இதுல என்ன ஐயா தப்பு? "எதுக்குப் பயப்படறீங்க"னு கேட்டிருக்கணுமாம்! கத்தி வெக்கப் போறோம், பயப்படாம என்ன பண்ணுவாங்க, இத ஒரு கேள்வியா வேற கேக்கணுமா?

வினோதினி மிஸ்ஸுனு ஒருத்தி, ஆன்லைன்ல கோச்சிங். இருபத்தி நாலு வயசு, ஒரு நோயாளியத் தொட்டது கெடையாது. அவ சொல்றா, "சிஸ்டர், நீங்க பேசறத நிறுத்துங்க. நிறுத்திட்டு, வேற ஏதாவது சொல்ல விரும்பறீங்களானு கேளுங்க. கேட்டுட்டு சும்மா இருங்க." சும்மா இருக்கறதுக்கா மாசாமாசம் ஃபீஸு? சும்மா இருக்கறதுக்கு இந்த மலையச் சுத்தி ஆயிரம் பேரு இலவசமா சொல்லித் தர்றாங்களே! என் பொண்ணு சதஃப் வீட்டுல நோயாளியா நடிச்சா. மூணாவது நிமிஷம் எழுந்து போயிட்டா. "அம்மி, எனக்கு ஒடம்பு சரியாயிடுச்சு"னு சொல்லிட்டுப் போறா.

உங்க கிட்ட மட்டும் சொல்றேன். என் கிட்ட வந்த நோயாளிங்க எல்லாம் மயக்கத்துல வந்தவங்க. பன்னண்டு வருஷத்துல ஒருத்தர் எனக்குப் பதில் பேசினதில்ல. அவங்க கிட்டயும் பேசிகிட்டேதான் இருப்பேன், என்னமோ அவங்களுக்குக் கேக்கற மாதிரி. பதில் வரும்னு காத்திருந்து எனக்குப் பழக்கமே இல்ல. இத எந்த சீட்டுல எழுதறது?

என்ன, மறுபடியும் நெத்திப்பொட்டுல வெரல வெக்கறீங்க? தல வலியா? இல்லியா? குளிரா? ஏசியக் கம்மி பண்ணச் சொல்றேன். அதுவும் இல்லியா... அட, பயம்! "பயப்படாதே"னு சொல்ல மாட்டேன், அதுக்குத்தான் போன தடவ மார்க்கு போச்சு. இருங்க, உங்க சீட்டப் படிச்சுக் காட்டினா தைரியம் வரும். ஆதிமூலம், வயசு அறுபத்தெட்டு, சக்கர இல்ல, பிபி நார்மல், கண்புர ஆபரேஷன்... பாத்தீங்களா, பிபி நார்மல்! என் பிபி நூத்தி அறுபது, பரீச்ச ரிசல்ட்டு வந்தன்னிக்கு.

இங்க ட்ரெயினிங் வர்ற பசங்களுக்கு நான் சொல்றதே இதான் ஐயா. நோயாளிக்கு எதிர்ல நிக்கறப்ப உன் கையப் பாத்து இடது வலது சொல்லாதே, அவரு இடதுதான் இடது. பன்னண்டு வருஷத்துல ஒரு தடவ நான் பக்கம் மாத்தினதில்ல. இந்த ஊருல கொழந்தைக்குக் கூடத் தெரியும், மல வலது கைப்பக்கம் இருந்தாதான் வலம்.

மணி ஆயிடுச்சு. மூணாவது சொட்டு. கையத் தள்ளாதீங்க! இவ்ளோ நேரம் தங்கமா இருந்தீங்க. ஹூம்... பாதி கன்னத்துல போச்சு, பரவால்ல.

இன்னும் ஒண்ணே ஒண்ணு. உள்ள போனதும் டாக்டர் எல்லாத்தையும் ஒரு நிமிஷம் நிறுத்துவாரு. "உங்க பேரு என்ன, எந்தக் கண்ணு"னு நோயாளி வாயாலயே சொல்லச் சொல்வாரு. எந்த தேசத்துக்குப் போனாலும் அதான் முற. நீங்க அதப் பத்திக் கவலப்படாதீங்க, விரதம் முறிய விடுவேனா? பிளாஸ்திரி ஒட்டினது நான், சொட்டு விட்டது நான், எனக்குத் தெரியாதா? உங்களுக்காக நானே சொல்லிடறேன், "ஆதிமூலம், வலது கண்ணு"னு...

யா அல்லா!

ஐயா... ஐயா, பேசிட்டீங்க. எழுந்து உக்காந்து பேசிட்டீங்க. மூணு தடவ. பஸ் ஸ்டாண்டுல பஸ்ஸே நின்னிருக்கும். இடது, இடது, இட...

இடதா?

இருங்க. சீட்டு... கண்புர ஆபரேஷன், எல்-ஈ. லெஃப்ட் ஐ. கொட்ட எழுத்துல போட்டிருக்கு. கண்புரனு படிச்சேன், அடுத்த வார்த்தைக்குள்ள என் பிபிக்குப் போயிட்டேன். எதிர்ல நின்னேன்... என் இடது கைப்பக்கம் எந்தக் கண்ணு இருந்துச்சோ அது மேல ஒட்டிட்டேன். அந்தப் பிளாஸ்திரியப் பாத்துதான் இப்ப வலதுனு சொன்னேன். வலம் வர்ற ஊருல வலத்துக்கே போயிட்டேன் பாருங்க... இல்ல, சிரிக்கற விஷயமா இது.

தல வலி இல்ல. இந்தக் கண்ணத்தான் காட்டினீங்க. பேனா கேட்டீங்க. தலயத் திருப்பினீங்க. கையத் தள்ளினீங்க. நாலு தடவ சொல்லிட்டீங்க, நான்தான்... பதினேழு நாளுதானே ஐயா பாக்கி இருந்துச்சு. உங்க வீட்டம்மா மொகத்த நான் எப்படிப் பாப்பேன்.

பிளாஸ்திரிய எடுத்துடறேன். இந்தக் கண்ணு சாயங்காலம் வரைக்கும் மங்கலாத்தான் இருக்கும், கெடுதல் இல்ல. டாக்டர் கிட்ட நானே போய் நடந்தத நடந்தபடி சொல்றேன். அவரு சரினாதான் இடது கண்ணுக்கு மொதல்லேர்ந்து மூணு சொட்டு.

ஐயா... போறதுக்கு முன்னாடி... வேற ஏதாவது சொல்லணுமா உங்களுக்கு?

...

சொல்லுங்க. நான் பேசல.

...

என்ன, அட்டையக் கழட்டறீங்க? ஆமாம், விரதம்தான் போச்சே, இனிமே எதுக்கு. குடுங்க, பையில போட்டு உங்க வீட்டம்மா கிட்ட... இல்லியா? அவங்களுக்கு இல்லியா?

எனக்கா?

சனிக்கிழம வரைக்குமா?